நூல் பிடிப்பவர் யார்?

தமிழில் பிழை திருத்துவோர் அடிக்கடி அடித்துத் திருத்தும் சொற்களுள் ஒன்று ‘கட்டிடம்’. எழுந்து நிற்கும் வீட்டையோ அலுவலகத்தையோ குறிக்கக் ‘கட்டடம்’ என்றே எழுத வேண்டும். ‘கட்டிடம்’ என்பது கட்டு + இடம், அதாவது கட்டுவதற்குரிய மனை என்பது அவர்கள் தரும் விளக்கம். பேச்சுவழக்கு இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் ஒரு தொழிலின் எல்லையை விளங்கிக்கொள்ள இந்தத் திருத்தம் உதவுகிறது. ஆர்க்கிடெக்ட் எனப்படும் கட்டடக் கலைஞர் ‘கட்டட’த்துக்கு உரியவர், அதன் உருவம், அளவு, வெளிச்சம், காற்று ஆகியவற்றுக்கு அவர் பொறுப்பு. ‘கட்டிட’த்தில், அதாவது மணலும் ஜல்லியும் கொட்டிக் கிடக்கும் மனையில், அவருடைய இடம் எது? பெங்களூரில் வீடு கட்டத் தொடங்கும் குடும்பங்கள் பெரும்பாலும் இக்கேள்வியைக் கேட்பதில்லை. சுவரில் வெடிப்பு தோன்றிய பிறகே கேட்கின்றன. அப்போது கிடைக்கும் விடை யாருக்கும் நிறைவளிப்பதாக இருப்பதில்லை.

சொல்லின் வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். ஆர்க்கிடெக்ட் என்பதன் மூலம் கிரேக்கத்தின் ‘ஆர்க்கிடெக்டோன்’. ‘ஆர்க்கி’ என்றால் தலைமை. ‘டெக்டோன்’ என்றால் மரவேலை செய்பவர், கட்டுபவர். இந்த டெக்டோனும் சமஸ்கிருதத்தின் ‘தக்ஷன்’ என்பதும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. தமிழின் ‘தச்சன்’ அந்தத் தக்ஷனிலிருந்து வந்தது என்பது மொழியியலாளர் பலரும் ஏற்கும் கருத்து. அப்படியானால் ஆர்க்கிடெக்டோன் என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் புதிதாக உருவாக்க வேண்டிய ஒன்றன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. குஞ்சரமல்லனான இராஜராஜப் பெருந்தச்சன் என்று அங்கே பொறிக்கப்பட்டிருப்பவர், பெயரின் பொருளாலும் வேராலும் ஓர் ஆர்க்கிடெக்ட். கவனிக்க வேண்டியது ஒன்றே. இரு மொழிகளிலும் அச்சொல் குறித்தது தச்சர்களுள் தலைமையானவரை. அவர் கட்டும் கூட்டத்துக்குள்ளேயே நின்றவர். கூட்டத்துக்கு வெளியே அமர்ந்து வரைந்தவர் அல்லர்.

ஐரோப்பாவில் அவர் கூட்டத்திலிருந்து பிரிந்து வெளியேறியதற்குப் பதினைந்தாம் நூற்றாண்டின் லியோன் பட்டிஸ்டா ஆல்பெர்டியை அடையாளமாகக் காட்டுவது வழக்கம். கட்டடத்தின் கோடுகள் மனத்தில் பிறக்கின்றன, பொருளும் கைவினையும் வேறொரு தரப்பைச் சேர்ந்தவை என்னும் பிரிவினையை அவர் தம் நூலில் நிலைநாட்டினார். நூலில் சொன்னதைச் செயலிலும் காட்டினார். ரிமினி நகரத்துத் தேவாலயப் பணியின்போது அவர் இருந்தது வேறிடத்தில். களத்தில் நின்ற மத்தேயோ தே பாஸ்திக்கு 1454இல் அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அளவையும் விகிதத்தையும் மாற்றிவிட வேண்டாம் என்று தொலைவிலிருந்து வற்புறுத்தும் கடிதம் அது. தளத்தில் இல்லாத கலைஞர் தளத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ள மட்டுமே முடியும் என்ற நிலை அன்றே தோன்றிவிட்டது. இன்று அந்தக் கடிதத்தின் இடத்தில் வாட்ஸ்அப் இருக்கிறது.

இந்தியச் சிற்பநூல் மரபு இதே சிக்கலுக்கு வேறொரு தீர்வைக் கண்டிருந்தது. மயமதம் கட்டுமானத்துக்குரியவர்களை நால்வராகப் பகுக்கிறது: ஸ்தபதி, சூத்திரகிராகி, வர்த்தகி, தக்ஷகன். ஸ்தபதி திட்டமிடுபவர். தக்ஷகன் கல்லையும் மரத்தையும் வெட்டிச் செதுக்குபவர். வர்த்தகி செதுக்கியவற்றை இணைத்து எழுப்புபவர். இவர்களுக்கு நடுவே நிற்பவர் சூத்திரகிராகி. ‘சூத்திரம்’ என்றால் நூல், ‘கிராகி’ என்றால் பிடிப்பவர். எனவே நூல் பிடிப்பவர். அவர் ஸ்தபதியின் மகனாகவோ மாணவராகவோ இருப்பார், அவருடைய சொற்படி நடப்பார், அளவுக்கோலும் கயிறும் அறிந்தவராக இருப்பார் என்கிறது அந்நூல். ஸ்தபதியின் எண்ணத்தைத் தக்ஷகனின் உளிக்குக் கொண்டுசேர்ப்பதற்கென்றே ஓர் ஆளும் அவருக்கொரு பெயரும் அந்த மரபில் இருந்தன. கொத்தனார்கள் இன்றும் ‘நூல் பிடித்துக் கட்டுவது’ என்றே சொல்கிறார்கள். நூல் இருக்கிறது, நூல் பிடிப்பதற்கென்று அமர்த்தப்பட்டவர்தாம் இல்லை.

பெங்களூரின் ‘முப்பது நாற்பது’ மனை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். முப்பது அடிக்கு நாற்பது அடி, மொத்தம் 1,200 சதுர அடி. இந்நகரில் வீட்டுமனை என்றாலே பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் அளவு. உரிமையாளர் மென்பொருள் துறையில் இருப்பார், அல்லது ஓய்வு பெற்றவராக இருப்பார். கட்டடக் கலைஞர் வரைபடம் தருவார். கட்டமைப்புப் பொறியாளர் கம்பியின் கணக்கைத் தருவார். ஒப்பந்தக்காரர் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி வேலையை எடுப்பார். அவருக்குக் கீழே மேஸ்திரி; அவருக்குக் கீழே கொத்தனார்கள், கம்பி கட்டுபவர்கள், சென்டரிங் ஆட்கள், சித்தாட்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்களும், ராய்ச்சூர், யாத்கிர் மாவட்டங்களிலிருந்து வந்தவர்களும், அண்மைக்காலத்தில் பீகார், வங்காளம், ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் ஒரே தளத்தில் வேலை செய்வார்கள். வரைபடத்தின் குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றைக் கன்னடத்திலோ தமிழிலோ இந்தியிலோ சொல்லிக்கொடுப்பவர் மேஸ்திரி. மேஸ்திரி என்ற சொல்லும் போர்த்துக்கீசிய ‘மெஸ்த்ரெ’ என்பதன் வழி வந்தது. ‘மாஸ்டர்’ என்பதற்கு உறவு. ஆக, பெயரளவில் தளத்தின் தலைவர் அவரே.

கட்டடக் கலைஞர் இந்தத் தளத்துக்கு வாரம் ஒருமுறையோ, முக்கியக் கட்டங்களில் மட்டுமோ வந்துபோவார். தாம் கொடுக்கும் கட்டணம் அவருடைய முழுநேர இருப்புக்கானது என்றே உரிமையாளர்களுள் பலர் நம்புகிறார்கள். ஆவணம் அப்படிச் சொல்லவில்லை. இந்தியக் கட்டடக்கலை மன்றம் வகுத்துள்ள பணி நிபந்தனைகளின்படி, கலைஞர் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட இடைவெளிகளில் தளத்துக்குச் சென்று பணியை ஆய்ந்து மதிப்பிட வேண்டும். வரைபடத்துக்கு விளக்கம் தர வேண்டும். பணி பொதுவாக ஒப்பந்தப்படி நடக்கிறதா என்பதை உரிமையாளருக்குத் தெரிவித்து ஆலோசனை கூற வேண்டும். அன்றாட மேற்பார்வை வேறொருவருடையது. கட்டுமான மேலாளர் அல்லது தள மேற்பார்வையாளர் என்று அவருக்குப் பெயர். அவர் கலைஞரின் வழிகாட்டுதலில் பணிபுரிவார். ஆனால் அவரை அமர்த்த வேண்டியவரும் ஊதியம் தர வேண்டியவரும் உரிமையாளரே. நவீன ஆவணத்தின் வறண்ட நடைக்குள் மயமதத்தின் சூத்திரகிராகி மறுபடியும் வந்து நிற்கிறார்.

பெரிய வளாகங்களில் அவர் உண்மையாகவே இருக்கிறார். முப்பது நாற்பது மனையில் அவருக்கான ஊதியம்தான் செலவுப் பட்டியலிலிருந்து முதலில் நீக்கப்படுகிறது. ‘ஆர்க்கிடெக்ட் இருக்கிறாரே’ என்கிறார் உரிமையாளர். ‘காண்ட்ராக்டரின் ஆள் இருக்கிறாரே’ என்று எண்ணிக்கொள்கிறார் ஆர்க்கிடெக்ட். ஒப்பந்தக்காரரின் ஆள் இருப்பது மெய்; ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுப்பவர், அவர் எந்தத் தரப்பைக் கண்காணிக்க வேண்டுமோ அந்தத் தரப்பினர். ஆக, எல்லாரும் இருப்பதாக நம்பும் ஒரு பணியிடம் காலியாகவே கிடக்கிறது.

காலியிடத்தின் விலையைக் கான்கிரீட்டின் கணக்கில் பார்க்கலாம். ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரநிலையின்படி, சாதாரணமாகத் தூணின் கம்பிக்கு வெளியே குறைந்தது 40 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். ஈரமும் அரிப்பும் குறைந்த சூழலில் தளப்பலகைக்கு 20 மில்லிமீட்டர் போதும். கவர் பிளாக் என்னும் சிறு கட்டைகளை முறையாக வைக்காவிட்டால் இந்த அளவு பாதியாகிவிடும். சாதாரண சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள் ஈரம் காக்க வேண்டும். சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாளும் அதற்கு மேலும். நாலரை மீட்டருக்கு மேற்பட்ட அகலமுள்ள தளத்துக்குக் கொடுத்த முட்டுகளை 14 நாளுக்கு முன் எடுக்கலாகாது; 6 மீட்டருக்கு மேற்பட்ட உத்தரத்துக்கு 21 நாள். கலவை இறுகிவிட்டது என்று ஒரு வாளித் தண்ணீர் கூடுதலாக ஊற்றினால் கொட்டுவது எளிதாகும், வலிமை குறையும். இவை எல்லாம் சில மணி நேரத்துக்குள், சில நாட்களுக்குள் நடந்து முடிபவை. ஊற்றிய மறுநாள் கம்பி எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. செவ்வாய்க்கிழமை ஊற்றிய தளத்தைச் சனிக்கிழமை வந்து பார்க்கும் கலைஞர் வழவழப்பான மேற்பரப்பைப் பார்த்துத் தலையசைக்கலாம், அவ்வளவுதான்.

கலைஞரிடம் ஓர் ஆயுதம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். முறையான ஒப்பந்தத்தில், செய்த வேலைக்கான தொகையை அவர் சான்றளித்தால்தான் ஒப்பந்தக்காரருக்குப் பணம் போகும். அவர் யாரையும் கையைப் பிடித்து நிறுத்த முடியாது. கையெழுத்தை நிறுத்திவைக்க முடியும். சிறு வீடுகளில் இந்த ஆயுதமும் அவர் கைக்கு வருவதில்லை. அடித்தளம் முடிந்தால் இவ்வளவு, தளம் போட்டால் இவ்வளவு என்று உரிமையாளரும் ஒப்பந்தக்காரரும் நேரடியாகப் பேசிப் பணம் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். கலைஞர் குறை சொல்லும்போது, அந்தக் குறைக்கான பணம் போன வாரமே பட்டுவாடா ஆகியிருக்கும்.

‘மேற்பார்வை’ என்ற சொல்லையும் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தின் ‘சூப்பர்விஷன்’ என்பதை உறுப்புக்கு உறுப்பாக மொழிபெயர்த்த சொல் அது: மேலிருந்து பார்த்தல். கன்னடத்தில் அதே பணிக்கு ‘மேல்விசாரணெ’ என்று பெயர். தமிழர் காதுக்கு விசாரணை என்பது எல்லாம் நடந்து முடிந்த பிறகு வருவது. பார்த்தல், விசாரித்தல் என்ற இந்த வினைகள் எதிலும் ‘தடுத்தல்’ என்ற பொருள் இல்லை. பார்த்தவருக்குத் தடுக்கும் கடமை உண்டா? தடுக்கும் அதிகாரம் இல்லாதவர் பார்த்ததற்குப் பொறுப்பேற்க வேண்டுமா?

அமெரிக்காவில் இக்கேள்வி நீதிமன்றத்துக்கே போயிற்று. 1960இல் ஆர்கன்சா மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. அடித்தளத்துக்குத் தோண்டிய குழியின் பக்கம் சரிந்து தொழிலாளர் இறந்தனர். வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை ஒப்பந்தப்படி கலைஞர்களுக்கு இருந்தது. ஆபத்து தெரிந்தும் அதைப் பயன்படுத்தவில்லை என்று அவர்கள்மீது பொறுப்பு சுமத்தப்பட்டது. 1967இல் இல்லினாய் மாநிலத்திலும், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தின் கூரை விழுந்து தொழிலாளர் காயமுற்ற வழக்கில், இதே வாதம் ஏற்கப்பட்டது. அக்காலத்தில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் தன் மாதிரி ஒப்பந்தங்களில் இரண்டு மாற்றங்களைச் செய்தது. ‘சூப்பர்விஷன்’ என்ற சொல் நீங்கி ‘அப்சர்வேஷன்’ வந்தது. மேற்பார்வை வெறும் நோக்குதலாயிற்று. வேலையை நிறுத்தும் உரிமையும் கலைஞரிடமிருந்து உரிமையாளருக்கு மாற்றப்பட்டது. அதிகாரம் இருந்தால் பொறுப்பும் வரும் என்று நீதிமன்றம் சொன்னது. பொறுப்பு வேண்டாம் என்பதற்காகத் தொழில் அதிகாரத்தையே விட்டுக்கொடுத்தது. சட்டத்தின் கண்ணில் அது விவேகம். குழிக்குள் நிற்கும் தொழிலாளிக்கு, ‘மேலே வா’ என்று சொல்லக்கூடிய வாய் ஒன்று குறைந்தது.

இந்தியச் சட்டத்தின் போக்கு வேறு. இங்கே சர்ச்சை வினைச்சொல்லைப் பற்றியதாக இல்லாமல் பெயர்ச்சொல்லைப் பற்றியதாக இருந்தது. 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டத்தில் 37ஆம் பிரிவு, பதிவு பெறாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அது பட்டத்தை மட்டும் காக்கிறதா, தொழிலையே காக்கிறதா? 2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் விடை கூறியது: பட்டத்தை மட்டுமே. கட்டடத்தை வடிவமைப்பதையோ மேற்பார்வையிடுவதையோ பதிவு பெறாதவர் செய்வதை இச்சட்டம் தடை செய்யவில்லை. தம்மை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்வதையே தடை செய்கிறது. வடிவமைப்பையும் மேற்பார்வையையும் ஒரு குறிப்பிட்ட தொழிலினர் மட்டுமே செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இந்தச் சட்டத்தில் இல்லை. பெயருக்கு வேலி உண்டு. வேலைக்கு இச்சட்டத்தில் வேலி இல்லை.

இதுவரை சொன்னது கலைஞருக்குக் கீழே உள்ள எல்லை. மேலேயும் ஓர் எல்லை உண்டு. அதைப் பார்க்கப் பெங்களூரில் விதான சௌதாவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1951 ஜூலை 13 அன்று நேரு அடிக்கல் நாட்டியபோது முதலமைச்சராக இருந்தவர் கே.சி. ரெட்டி, அப்போதைய திட்டம் எளிமையானது. 1952இல் பதவிக்கு வந்த கெங்கல் ஹனுமந்தய்யா அத்திட்டத்தை ஒதுக்கிவிட்டுத் திராவிடக் கோயில் மரபை நினைவூட்டும் பெருங்கட்டடம் ஒன்றை விரும்பினார். தலைமைக் கலைஞராக இருந்தவர் பி.ஆர். மாணிக்கம். தூணும் மாடமும் கோபுரமுமாக இன்று தெரியும் உருவத்தில் முதலமைச்சரின் விருப்பம் எவ்வளவு, கலைஞரின் கை எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது கடினம். சுமார் 5,000 தொழிலாளரும், சுமார் 1,500 கல்தச்சர், கொத்தனார், மரச் சிற்பியரும் அங்கே உழைத்ததாகக் கூறுவர். சிறைவாசிகளும் வேலை செய்தனர். 1956இல் பணி முடிந்தபோது செலவு ஏறத்தாழ 1.8 கோடி ரூபாயைத் தொட்டிருந்தது. அதற்கான கண்டனமும் விசாரணையும் ஹனுமந்தய்யாவை நோக்கியே வந்தன. அதே ஆண்டு அவர் பதவியும் விலகினார். கட்டடத்தின் புகழும் மக்கள் நினைவில் அவர் பெயரோடுதான் ஒட்டியிருக்கிறது. மாணிக்கத்தின் பெயரை அறிந்தவர் சிலரே. முடிவெடுத்தவரே பழியையும் புகழையும் ஏற்றார் என்ற அளவில் அங்கே ஒரு நேர்மை இருந்தது எனலாம். அரசுத் துறையின் பொறியாளர்கள் ஒவ்வொரு நாளும் தளத்தில் நின்றார்கள் என்பதையும் மறக்கலாகாது; நூல் பிடிக்க ஆட்கள் இருந்தார்கள்.

எல்லை என்பது எப்போதும் இழப்புதானா என்ற கேள்வியும் எழுகிறது. பன்னேர்கட்டா சாலையில் பி.வி. தோஷி வடிவமைத்த இந்திய மேலாண்மைக் கழகத்தின் நடைகளில் நடப்பவருக்கு வேறொரு விடை தோன்றலாம். 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய அந்த வளாகத்தின் சுவர்கள் உள்ளூர்க் கருங்கல்லால் ஆனவை. முகப்பு கரடுமுரடாகவே விடப்பட்டது. நடையின் உயரம், அகலம், மேலே வெயில் வடிந்து விழும் சட்டங்களின் இடைவெளி ஆகியவற்றை வரைபடம் தீர்மானிக்க முடியும். எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் எந்தக் கல், எந்த முகம் வெளியே, எத்தனை அடி உளியால் என்பதை எந்த வரைபடமும் சொல்லாது. அங்கே கல்தச்சரின் தீர்ப்பே இறுதி. தோஷிக்கு 2018இல் கிடைத்த பிரிட்ஸ்கர் பரிசில் அந்தக் கைகளுக்கும் பங்கு உண்டு. இத்தகைய இடங்களில் கலைஞரின் எல்லை, இன்னொருவரின் அறிவு தொடங்கும் இடம். கேரளத்தில் லாரி பேக்கர் தளத்திலேயே நின்று கொத்தனாரோடு பேசிப் பேசிக் கட்டியதும் இந்த உணர்வால்தான்.

ஆகவே எல்லை இருப்பதில் தவறில்லை. மொழியிலும் அப்படித்தான், எழுதப்பட்ட இலக்கணம் பேசுவோர் வாயில் வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தீர்மானிப்பதில்லை. ஆனால் ஓர் ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. பேச்சில் நேரும் பிழை காற்றோடு போகும். கட்டுமானத்தில் நேரும் பிழை ஆட்களின் தலைமேல் விழும்.

1983இல் பெங்களூர் மெஜஸ்டிக் பகுதியில், கபாலித் திரையரங்கின் அருகே, கட்டப்பட்டுக்கொண்டிருந்த கங்காராம் கட்டடம் இடிந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நகரத்தின் மூத்த தலைமுறைக்கு அந்தப் பெயர் இன்றும் ஒரு வடு. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். அப்போது கட்டுமான நிறுவனத்தாரோடு கட்டடக் கலைஞரும் கட்டமைப்புப் பொறியாளரும் கைதாயினர். அருகில் நின்ற இரட்டைக் கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2024 அக்டோபர் 22 அன்று, பெருமழைக்கு நடுவே, பெங்களூர் பாபுசாபாளையாவில் கட்டுமானத்தில் இருந்த அடுக்குமாடி விழுந்து 9 பேர் இறந்தனர். அனுமதிக்கு மாறாக எழுப்பப்பட்ட கட்டடம் என்று அதிகாரிகள் கூறினர். ஒவ்வொன்றின் காரணமும் வேறு. எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுத முடியாது. ஆயினும் மூன்றிலும் ஒன்று பொது. கட்டடம் முடியவில்லை, உள்ளே இருந்தவர்களுள் பெரும்பாலோர் அதைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள். முடிந்த கட்டடத்தின் உரிமையாளருக்குச் சான்றிதழ் உண்டு, காப்பீடு உண்டு, வழக்கு உண்டு. முடியாத கட்டடத்தில் உறங்குபவருக்கு அன்றைய கூலி மட்டும்தான் உண்டு.

இடிந்த பிறகு எல்லாருடைய கையெழுத்தும் தேடி எடுக்கப்படுகிறது. வரைபடத்தில் ஒரு கையெழுத்து, கணக்கில் ஒரு கையெழுத்து, ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து. ‘வாரம் ஒருமுறைதான் வருவேன் என்று எழுதிக்கொடுத்தேன்’ என்று கலைஞர் சொல்வது சட்டப்படி உண்மையாக இருக்கலாம். தம் எல்லை எங்கே முடிகிறது என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. அந்த எல்லைக்கு அப்பால் நிற்க வேண்டியவர் யார் என்று முன்கூட்டியே கேட்கும் கடமையும் அவருக்கு உண்டு. வெறும் விலக்கு வாசகமாக எழுதப்படும் எல்லை கலைஞரைக் காக்கும். அந்த இடத்தில் ஓர் ஆளை நிறுத்தினால்தான் வீடும் வேலையாட்களும் காக்கப்படுவார்கள்.

செய்யக்கூடியவை பெரிய சீர்திருத்தங்கள் அல்ல. கலைஞர் தம் ஒப்பந்தத்தில் ‘அன்றாட மேற்பார்வையாளர்’ என்று ஒரு வரியைச் சேர்த்து, அதில் பெயர் எழுதப்படும் வரை வேலையைத் தொடங்க வேண்டாம் என்று உரிமையாளரிடம் சொல்லலாம். ஒவ்வொரு மனைக்கும் தனி ஆள் கட்டுப்படியாகாது என்றால், ஒரே தெருவில் கட்டும் மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து ஓர் இளம் பொறியாளரை அமர்த்தலாம். தளத்தில் ஒரு குறிப்பேடு இருக்கலாம். கலைஞர் வந்த நாள், பார்த்தது, சொன்னது, அதன்மேல் செய்யப்பட்டது ஆகியவை அதில் இருக்க வேண்டும். அது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் பயனில்லை. மேஸ்திரி படிக்கும் மொழியிலும் இருக்க வேண்டும். தூணுக்குக் கவர் 40, தளத்துக்கு 20, முட்டு எடுப்பது இன்ன தேதி என்று கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் சுவரில் எழுதி வைப்பதற்கு ஒரு கரித்துண்டு போதும். கான்கிரீட் ஊற்றும் நாளை மூன்று நாள் முன்னதாகக் கலைஞருக்கும் பொறியாளருக்கும் தெரிவிப்பது, அவர்களுள் ஒருவர் கம்பியைப் பார்த்துக் கையெழுத்திடும் வரை கலவை லாரியை அழைக்காமலிருப்பது என்ற ஒரே ஒரு வழக்கம் நிலைபெற்றாலே பாதிப் பிழைகள் மண்ணுக்குள் புதையாமல் கண்ணில் படும்.

கட்டடவியல் மாணவர்கள் ஐந்தாண்டு படிக்கிறார்கள். வரைவதற்கும், வரைந்ததை விளக்குவதற்கும், அதைக் காத்துப் பேசுவதற்கும் பயிற்சி பெறுகிறார்கள். மேஸ்திரியிடம் அவருடைய மொழியில் ஒரு தூணைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும் பயிற்சி எத்தனை கல்லூரிகளில் தரப்படுகிறது? கன்னடத்தில் கொத்து வேலைக்குக் ‘காரெ கெலச’ என்று பெயர். அந்தக் ‘காரெ’ தமிழின் ‘காரை’தான். பெங்களூரின் தளங்களில் இரு மொழியாரும் இந்தச் சொல்லை மொழிபெயர்ப்பு இல்லாமலேயே புரிந்துகொள்கிறார்கள். புரியாமல் நிற்பவர் பெரும்பாலும் வரைபடத்தைக் கையில் வைத்திருப்பவர். அவர் அந்தச் சொற்களைக் கற்றுக்கொண்டால் அவருடைய எல்லை விரிந்துவிடாது. எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்பவரோடு பேச மட்டும் முடியும். அடுத்த தளம் ஊற்றும் நாளன்று நூல் பிடித்து நிற்கப்போகிறவர் யார் என்று அவரிடம் கேட்கவும் முடியும்.